ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு ஆறு பொத்தான்கள் எப்படி வந்தன?

1987இல் ஜப்பானிய நிறுவனமான கேப்காம் வெளியிட்ட முதல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ என்ற சண்டை வீடியோ ஆட்டத்துக்கு ஆறு பொத்தான்கள் எப்படி வந்தன என்பது கேள்வி. ஐரெம் நிறுவனத்தில் 1984இல் ‘குங்ஃபூ மாஸ்டர்’ ஆட்டத்தை உருவாக்கிய தகாஷி நிஷியாமா, அதில் ஒவ்வொரு தளத்தின் முடிவிலும் வரும் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையையே தனி ஆட்டமாக விரிக்க எண்ணி, கேப்காமில் ஹிரோஷி மாட்சுமோட்டோவுடன் சேர்ந்து இதை வடிவமைத்தார். விளையாட்டுக் கூடங்களில் காசு போட்டு ஆடும் பெரிய இயந்திரப் பெட்டியில் வந்த பதிப்பில் குத்துக்கு ஒன்று, உதைக்கு ஒன்று என இரண்டு ரப்பர் திண்டுகளே இருந்தன. ஓங்கி அறைந்தால் பலத்த அடி, மெல்லத் தட்டினால் இலேசான அடி. கேட்பதற்கு அருமையான யோசனைதான், ஆனால் ஆடுபவரின் கை ஓய்ந்துவிடும். மற்றொரு பதிப்பில்தான் இலேசு, நடுத்தரம், பலம் என்ற மூன்று அளவுகளும் குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று எனத் தனித்தனிப் பொத்தான்களாகப் பிரிக்கப்பட்டன.