உதட்டுக் கொப்புளம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் கணவருக்கு வருடத்தில் இரண்டு மூன்று முறை உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் வரும். சென்ற மாதம் மருத்துவர் அது ஹெர்பிஸ் என்றார். திருமணமாகி நான்கு ஆண்டுகளில் எனக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. இது பாலியல் நோயா? அவரைச் சந்தேகிக்க வேண்டுமா? எந்த நாட்களில் விலகியிருப்பது?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் சந்தேகத்தை விட்டுவிடுங்கள். உதட்டில் வருவது பெரும்பாலும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் எனும் வைரஸின் முதல் வகை. பலருக்கும் சிறுவயதிலேயே, பெரியவர் யாரோ கொடுத்த முத்தத்தில் தொற்றிவிடும். பிறகு முகத்து நரம்பு முடிச்சில் ஒடுங்கிக் கிடந்து, காய்ச்சலிலோ கடும் வெயிலிலோ உடல் அசதியிலோ மேலே கிளம்பும். உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. அந்தக் கொப்புளத்தை வைத்து யாருடைய நடத்தையையும் அளக்க முடியாது.

உங்களுக்கும் இருக்கலாம், பலருக்கு வெளியே தெரிவதே இல்லை. அப்படி இருந்தால், அதே வகை உங்கள் உடலின் வேறோர் இடத்தில் புதிதாகத் தொற்றுவது அரிது. வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஜி இரத்தப் பரிசோதனையில் ஓரளவு தெரியும். ஆனால் அது சில தொற்றுகளைத் தவறவிடும், தொற்று எந்த இடத்தில் என்றும் சொல்லாது.

நாள் கணக்கில்தான் பலர் பிசகுகிறார்கள். கொப்புளம் கண்ணுக்குத் தெரிந்தபின் விலகுகிறார்கள், பொருக்கு கட்டியதும் முடிந்தது என்று நினைக்கிறார்கள். இரண்டுமே தவறு. அதே இடத்தில் குறுகுறுப்போ எரிச்சலோ தொடங்கும்போதே வைரஸ் தோலுக்கு வந்துவிட்டது. கொப்புளம் உடைந்து நீர் கசியும் நாட்களில் தொற்றும் வாய்ப்பு மிக அதிகம். பொருக்கு தானாக உதிர்ந்து, அடியில் முழுத்தோல் மூடும்வரை, வழக்கமாக 7 முதல் 10 நாள், முத்தமும் வாய்வழி உறவும் வேண்டாம். புண் இல்லாத நாட்களிலும் சில சமயம் வைரஸ் வெளிப்படும்; ஆகவே ஆபத்து குறையுமே தவிர முற்றாக நீங்காது.

வாய்வழி உறவை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. உதட்டு வைரஸ் பிறப்புறுப்பில் தொற்ற அதுவே முக்கிய வழி. இதை அறியாமல், அங்கே புண் வந்ததும் துரோகம் என்று முடிவுகட்டிப் பிரிகிறவர்களை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. மற்ற நாட்களில் ஆணுறையோ, டென்டல் டேம் எனும் மெல்லிய லேடெக்ஸ் விரிப்போ ஆபத்தைக் குறைக்கும். அங்கு புண் வந்தால், அது காயும் முன்பே பஞ்சுக்குச்சியால் நீர் எடுத்து, வைரஸையும் அதன் வகையையும் கண்டறியும் பிசிஆர் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். முதல் வகை பிறப்புறுப்பில், பெரும்பாலும் அங்கேயே வரும் இரண்டாம் வகையைவிடக் குறைவாகவே திரும்ப வரும்.

துண்டு, குவளை வழியாகப் பரவுவது அரிது. புண் இருக்கும்போது தனியாக வைத்துக்கொண்டால் போதும். புண்ணைத் தொட்ட கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்ப்பதும் கான்டாக்ட் லென்ஸ் போடுவதும்தான் ஆபத்து. கண் சிவந்து வலித்தால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

வாலசைக்ளோவிர் எனும் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை உங்கள் கணவர் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்திருக்கட்டும். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 2 கிராம், 12 மணி நேரம் கழித்து மீண்டும் 2 கிராம், அவ்வளவுதான். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும். குறுகுறுப்பு தொடங்கியதுமே போட்டால் ஏறக்குறைய ஒரு நாள் முன்னதாக ஆறும். கொப்புளம் முற்றிய பிறகு பலன் குறைவு. மாத்திரை போட்டாலும் விலகியிருக்கும் நாட்களைக் குறைக்காதீர்கள்.

கருவுற்றால் மகப்பேறு மருத்துவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். கடைசி மூன்று மாதத்தில் பிறப்புறுப்பில் முதன்முறையாகத் தொற்றினால் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த மாதங்களில் கணவருக்குப் புண் இல்லாவிட்டாலும் வாய்வழி உறவைத் தவிருங்கள். குழந்தை பிறந்தபின், கொப்புளம் உள்ள நாட்களில் அவர் குழந்தையை முத்தமிடக் கூடாது.