அமெரிக்காவில் பொது இடத்துக்குத் துப்பாக்கி எடுத்துப் போகலாமா?

"வீட்டில் வைத்திருப்பது இருக்கட்டும், கடைத்தெருவிலும் இடுப்பில் செருகிக்கொண்டு போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான இடங்களில் போகலாம்.

ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமையைச் சொல்லும், 1791-இல் சேர்க்கப்பட்ட இரண்டாவது அரசியல் சட்டத் திருத்தம்தான் இதற்கு வேர். தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சொன்னது. வெளியே எடுத்துச் செல்வதும் உரிமையே என்று 2022 ஜூனில் 6-3 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அதுவரை நியூயார்க்கில் உரிமம் கேட்பவர், மற்றவர்களுக்கு இல்லாத தனி ஆபத்து தனக்கு இருப்பதாகக் காட்ட வேண்டும். அந்த நிபந்தனை அடிபட்டுப் போனது. பள்ளி, நீதிமன்றம் போன்ற இடங்களில் தடை தொடரலாம். இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் உரிமமே தேவையில்லை.

இப்படி எடுத்துச் செல்வதை ஆதரிப்பவர்கள் காட்டும் உதாரணம் இந்தியானாவின் கிரீன்வுட். 2022 ஜூலையில் அங்கே ஒரு மாலில் மூவரைக் கொன்றவனை, துப்பாக்கி வைத்திருந்த 22 வயது இளைஞர் சில நொடிகளிலேயே சுட்டு வீழ்த்தினார். எத்தனை உயிர் தப்பியதோ!

என் மனதை விட்டு அகலாதது கொலராடோவின் ஆர்வாடா. 2021 ஜூனில் ஒரு போலீஸ்காரரைக் கொன்றவனை, அங்கிருந்த ஒருவர் தன் கைத்துப்பாக்கியால் சுட்டு நிறுத்தினார். பிறகு அவனுடைய ரைஃபிளைக் கையில் எடுத்தார். அந்நேரம் வந்த இன்னொரு போலீஸ்காரர் இவரையே கொலைகாரர் என்று நினைத்துச் சுட்டுவிட்டார். காப்பாற்றியவர் இறந்துபோனார். சுட்டபின் கையில் ஆயுதத்தோடு நிற்கக் கூடாது என்பதையாவது பயிற்சி சொல்லிக்கொடுக்கும். உரிமமும் பயிற்சியும் கட்டாயம் வேண்டும் என்று நான் வாதாடுவது அதனால்தான்.