பட்டறைக் கரையில் ஆறு வாரம்: படகிலேயே தங்குவோர் கேட்டவை

கேள்வி: எங்கள் 36 அடி ஃபைபர் கிளாஸ் பாய்மரப் படகை லங்காவியில் கரையேற்றி அடிப்பாகத்தைச் செப்பனிடப் போகிறோம். ஆறு வாரம் படகிலேயே தங்குவோம். கடல்நீரால் குளிரும் ஏர்கோன் படகில் இருக்கிறது. சக்கரம் வைத்த போர்ட்டபிள் ஏர்கோன் ஒன்றும் மலிவாகக் கிடைக்கிறது. எது போதும்? (பினாங்கு வாசகர்)

பதில்: இருப்பதும் உதவாது, மலிவாகக் கிடைப்பதும் வேண்டாம். படகு ஏர்கோன் அறையின் வெப்பத்தைக் கடல்நீரில்தான் கொட்டுகிறது. கரையில் அதன் பம்ப் காற்றை இழுத்து, காய்ந்து ஓடிக் கெட்டுப்போகும். 200 லிட்டர் ட்ரம்மில் தண்ணீர் நிரப்பிச் சுழல விடுவோரும் உண்டு. 9,000 பிடியூ (குளிர்விக்கும் திறனின் அளவு) இயந்திரம் இடைவிடாமல் ஓடினால் அந்தத் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் 14, 15 டிகிரி சூடேறிவிடும். இரவு முழுக்கத் தாங்காது. கீல் (படகின் அடித்தண்டு) வழியாகவோ கடல்நீரிலோ குளிரும் ஃபிரிட்ஜுக்கும் இதே கதிதான். ஆறு வாரத்துக்குச் சின்ன வீட்டு ஃபிரிட்ஜ் ஒன்றைப் படகின் நிழலில், தரையிலிருந்து உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைக் குழாய் போர்ட்டபிள் ஏர்கோன், குளிர்ந்த அறைக்காற்றையே எடுத்து வெளியே தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து ஈரமான சூட்டுக்காற்று இடுக்குகளில் நுழைகிறது. படகில் இடுக்குக்குப் பஞ்சமே இல்லை. வாங்க வேண்டியது 1 எச்.பி. ஜன்னல் வகை, பழையதாகக் கிடைத்தாலும் போதும். முன் ஹேட்ச் (டெக்கில் உள்ள மூடியிட்ட திறப்பு) அருகே டெக்கில் நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்தால் கம்ப்ரசர் எண்ணெய் இடம் மாறும். குளிர்காற்று வரும் முகத்தில் 12 மி.மீ. ப்ளைவுட் பெட்டி அடித்துக் காற்றை ஹேட்சுக்குள் இறக்குங்கள். பின்புறம் சற்றுத் தாழ்ந்திருந்தால் வடியும் நீர் டெக்கில் ஓடிவிடும். 850 வாட் இழுக்கும் இயந்திரம் இரவு பத்து மணி நேரம் இடைவிடாமல் ஓடினால் 8.5 யூனிட் எடுக்கும். பட்டறையின் யூனிட் விலையை முன்பே கேளுங்கள்.

மின்கம்பி 2.5 சதுர மி.மீ. தடிமனுக்குக் குறையக் கூடாது. சுருளில் வைத்தபடி ஓட்டினால் சுருள் சூடேறி உருகும். முழுவதும் பிரித்துப் போடுங்கள். 30 மில்லியாம்ப் கசிவுத் துண்டிப்பான் (மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பை அறுக்கும் கருவி) கட்டாயம் வேண்டும். ஈரத் தரையில் ஏணி இறங்குபவருக்கு அதுதான் உயிர்க்காப்பு. பக்கத்துப் படகில் கிரைண்டர் ஓடும்போது ஏர்கோனை நிறுத்தி ஹேட்சுகளை மூடுங்கள். படகின் அடியில் பூசிய பழைய பெயின்ட்டின் தூள் நஞ்சு. உள்ளே ரெசினோ பெயின்டோ பூசும் நாட்களில் வெளியே அறை எடுத்துத் தங்குங்கள். அந்தச் செலவைத் தயங்காமல் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: கலந்த எபோக்சி (ரெசினும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும் சேர்ந்த பசை) கிண்ணத்திலேயே புகைந்து இறுகிவிடுகிறது. ஹார்டனரைக் குறைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. விகிதம் தவறினால் ஒரு பங்கு என்றைக்கும் இறுகாமல் பிசுபிசுப்பாகவே கிடக்கும். சுரண்டி எடுப்பதுதான் வழி. வெப்பம் 10 டிகிரி கூடினால் இறுகும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். அதனால் மெதுவாக இறுகும் ஹார்டனர் வாங்குங்கள். அதன் விகிதம் வேறாக இருக்கலாம்: வெஸ்ட் சிஸ்டம் என்ற பிராண்டின் 105 ரெசினுக்கு 205 ஹார்டனர் 5:1, மெதுவான 209 என்றால் 3:1. அளவுப் பம்பையும் சேர்த்து மாற்ற வேண்டும், பலர் தவறுவது இங்கேதான். கொஞ்சமாகக் கலந்து, உடனே அகலத் தட்டில் ஊற்றிவிடுங்கள்.

இன்னொரு எதிரி ஈரம். பூசும் பரப்பு பனிநிலையை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) விடக் குறைந்தது 3 டிகிரி சூடாக இருக்க வேண்டும். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதம் என்றால் பனிநிலை சுமார் 26. பரப்பு 29-ஐத் தாண்டட்டும். விடியலில் பூசினால் கண்ணுக்குத் தெரியாத பனியின் மேல் பூசுகிறீர்கள். காய்ந்தபின் மெழுகு போன்ற படலம் தட்டுப்பட்டால் முதலில் வெறும் தண்ணீரும் நார்ப்பட்டையும் கொண்டு தேய்த்துக் கழுவுங்கள். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் படலம் உள்ளே அப்பிக்கொள்ளும், அடுத்த பூச்சு உரியும்.

கேள்வி: பட்டறை "அடிப்பாக வேலை, பெயின்ட் உட்பட" என்று ஒரே தொகை எழுதி, பாதியை முன்பணமாகக் கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: அந்த ஒற்றை வரியை நம்பிக் கொடுக்காதீர்கள். ஏற்றி இறக்குவது, கழுவுவது, நிற்கும் நாள் வாடகை, படகில் தங்கும் கட்டணம், கூலி, பொருள் எல்லாம் தனித்தனியே எழுதட்டும். வெளியாள் வேலை செய்யத் தடையோ கட்டணமோ உண்டா என்றும் கேளுங்கள். மழையால் வேலை நின்ற நாட்களுக்கு வாடகை யார் தலையில் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். சண்டை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

பெயின்ட் அளவை நீங்களே கணக்கிடலாம். நீர்மட்ட நீளம் 9 மீட்டர், அகலம் 3.5, நீரில் அமிழும் ஆழம் 1.7 என்றால் 9 × (3.5 + 1.7) × 0.75, ஏறத்தாழ 35 சதுர மீட்டர் (0.75 என்பது படகின் வடிவத்துக்கான தோராய எண்). லிட்டருக்கு 9 சதுர மீட்டர் வீதம் மூன்று பூச்சுக்கு 12 லிட்டர். இருபது லிட்டர் எழுதியிருந்தால் காரணம் கேளுங்கள். அடியில் பொருத்தும் வால்வு வெண்கலமா, துத்தநாகம் கரையாத பித்தளையா என்பதும் தாளில் வேண்டும். சாதாரணப் பித்தளையில் உப்புநீர் துத்தநாகத்தைத் தின்றுவிடும். இளஞ்சிவப்பாக மாறி ஒருநாள் கையோடு முறியும்.

பணத்தை வேலையின் கட்டங்களுக்கேற்ப பிரித்துக் கொடுங்கள். படகு நீரில் இறங்கிக் கசிவு பார்த்தபின் தருவதற்கு 10 சதமாவது நிற்கட்டும். மலேசியாவில் சொந்த உபயோகத்துக்கான படகு என்றால், 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை, மூன்று ஆண்டுக்குள் முறையிடலாம். கட்டணம் 5 ரிங்கிட். தாளில் இல்லாததை அங்கே நிரூபிப்பது கடினம்.

கேள்வி: மழைக்குத் தார்ப்பாய் கட்ட, படகைத் தாங்கும் ஸ்டாண்டுகளில் கயிறு போடலாமா?

பதில்: ஒருபோதும் வேண்டாம். மலாக்கா நீரிணையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலில் அடிக்கும் சுமத்ரா காற்று தார்ப்பாயைப் பாய் போலப் புடைக்க வைக்கும். ஸ்டாண்டு பிடுங்கிக்கொண்டு வரும், படகு சாயும். கயிற்றைத் தண்ணீர் நிரப்பிய பீப்பாய்களில் கட்டுங்கள். எதிரெதிர் ஸ்டாண்டுகள் அடியில் சங்கிலியால் பிணைந்திருக்கின்றனவா, மண் தரையில் பலகை போட்டிருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். ஸ்டாண்டைத் தளர்த்துவது பட்டறை ஆட்களின் வேலை, நீங்கள் தொடாதீர்கள். ஏணியின் தலைப்பைப் படகோடு இறுகக் கட்டுங்கள். தார்ப்பாய்க் குழியிலும் காலி டின்னிலும் தேங்கும் மழைநீரை வாரம் இருமுறை கொட்டிவிடுங்கள். டெங்கிக் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏழெட்டு நாள் போதும், அது பகலில் கடிக்கும்.