லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி, குழந்தைக்கு முன்பே வாங்கலாமா?

வணக்கம் சகோதரி. சென்னை தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி, பழைய பிளாட், மாதத் தவணை 38,000, இரண்டு வருடத்தில் குழந்தை என்று எழுதியிருக்கிறீர்கள்.

எனக்கு மாடிப்படிதான் முதல் கவலை. நாங்களும் அப்படி ஒரு வீட்டில் இருந்தோம். சிசேரியன் முடிந்து வந்த என் மனைவி இரண்டு மாதம் கீழே இறங்கவே இல்லை. உதவிக்கு வந்த மாமியார் ஒருமுறை ஏறி இறங்கினால் மறுநாள் படுத்துவிடுவார். உங்கள் அம்மாவுக்கும் முழங்கால் வலி என்கிறீர்கள். அவர்தானே பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வர வேண்டும்?

சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு 26 வாரம். அப்புறமும் நீங்கள் வீட்டில் இருக்க நேர்ந்தால்? இப்போதே ஆறு மாதம் உங்கள் சம்பளத்தைத் தொடாமல், கணவர் சம்பளத்திலேயே அந்த 38,000ஐயும் எடுத்து வைத்து வாழ்ந்து பாருங்கள்.

2015 வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியது. உங்கள் மாடி தப்பும். ஆனால் மின்சாரமும் குடிநீரும் பாலும் இல்லாமல் கைக்குழந்தையோடு எப்படி? அந்தத் தெருவில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று மளிகைக் கடைக்காரரிடம் கேளுங்கள், தரகரிடம் வேண்டாம்.

பிடிக்காவிட்டால் விற்றுவிடலாம் என்கிறீர்கள். வாங்கும்போது கட்டும் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அந்தப் பணம் திரும்பி வராது. முதல் மாடியில் ஒன்று அமையும்வரை வாடகை வீட்டிலேயே இருங்கள்.