பஸ் சத்தமும் காணாமல் போன பேஸும்: வயர் ஹெட்செட் வாங்கும் முன் காது ரப்பரைப் பாருங்கள்

கேள்வி: சார், நான் காவேரிப்பட்டணத்திலிருந்து ஓசூருக்குக் கம்பெனி பஸ்ஸில் வாரம் ஆறு நாள் போய் வருகிறேன். போக வர மூன்று மணி நேரம் பாட்டுத்தான் துணை. போன மாதம் ஒரு கடையில் ‘நாய்ஸ் கேன்சலேஷன்’ என்று சொல்லி 799 ரூபாய்க்கு வயர் ஹெட்செட் கொடுத்தார்கள். பஸ் சத்தம் அப்படியே கேட்கிறது. பாட்டில் பேஸும் (அந்த ‘தும் தும்’ அடிச்சத்தம்) இல்லை. சவுண்டை முழுசாக ஏற்றிக் கேட்டால் இறங்கும்போது காதில் ‘ஙொய்’ என்கிறது. புளூடூத் வேண்டாம், சார்ஜ் போட மறந்துவிடுகிறேன். 2,000 ரூபாய் வரை போடலாம். எதைப் பார்த்து வாங்குவது? (ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்)

பதில்: முதலில் அந்த ‘ஙொய்’யைப் பேசிவிடுவோம். உங்கள் கேள்வியில் என்னைக் கவலைப்பட வைத்தது அதுதான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது: பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதாக இருந்தால் சத்தம் 80 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். நீங்கள் வாரம் 18 மணி நேரம் கேட்கிறீர்கள். அப்படியானால் 83 டெசிபல்தான் உங்கள் எல்லை. சவுண்டை முழுசாக வைத்தால் 100 டெசிபலைத் தாண்டும் போன்கள் உண்டு. அந்த அளவில் வாரம் முழுவதற்கும் சேர்த்தே அரை மணி நேரம்கூடக் கேட்கக் கூடாது. இன்றிலிருந்தே சவுண்டைக் குறையுங்கள். ஒரு நாள் ஓய்வு கொடுத்தும் அந்த இரைச்சல் நிற்கவில்லை என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

சரி, ஏன் முழுசாக ஏற்றுகிறீர்கள்? பஸ் சத்தம் உள்ளே வருவதால். பேஸ் கேட்காததால். இவை இரண்டு குறை போலத் தெரிந்தாலும் ஒரே குறைதான்: அந்த ஹெட்செட் உங்கள் காதை அடைக்கவில்லை. காதுத் துவாரத்துக்கும் ரப்பருக்கும் நடுவே சின்ன இடைவெளி இருந்தால் போதும், பேஸ் அந்த வழியாக வெளியே போய்விடும், இன்ஜின் சத்தம் அதே வழியாக உள்ளே வந்துவிடும்.

உங்கள் கம்பெனியில் மெஷின் பக்கம் வேலை செய்கிறவர்கள் காதில் வைக்கும் ஃபோமைப் பார்த்திருப்பீர்கள். விரலால் மெல்லிசாக உருட்டி, காது மடலை மேலே இழுத்து, உள்ளே வைத்து, அரை நிமிடம் பிடித்துக்கொண்டால் அது உப்பி அடைத்துக்கொள்ளும். அதில் பேட்டரி இல்லை, சிப் இல்லை. ஆனாலும் மெஷின் சத்தம் அடங்கிவிடும். நல்ல வயர் ஹெட்செட் என்பது நடுவில் ஒரு குட்டி ஸ்பீக்கர் வைத்த அதே காதடைப்பான்தான். 1991இல் அமெரிக்காவின் எட்டிமோட்டிக் கம்பெனி ஈ.ஆர்.4 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. மூன்று அடுக்கு ரப்பர் வைத்து, காதுக்குள் ஆழமாகப் போகும்படி செய்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும், பேட்டரி இல்லாமல் சத்தத்தை அடைப்பதற்கு அந்த வழியை யாரும் பெரிதாக மிஞ்சவில்லை. அதன் விலை உங்கள் பட்ஜெட்டுக்கு எட்டாது. ஆனால் அதன் பாடம் இலவசம்: அடைப்பு சரியாக இருந்தால் மற்றதெல்லாம் சரியாக வரும்.

இப்போது அந்தக் கடைக்காரர் சொன்ன ‘நாய்ஸ் கேன்சலேஷன்’. உண்மையான நாய்ஸ் கேன்சலேஷன் என்றால், வெளிச்சத்தத்தை ஒரு மைக் கேட்டு, அதற்கு நேரெதிரான அலையை உள்ளே இருக்கும் சர்க்யூட் உண்டாக்கி இரண்டையும் அடித்துக்கொள்ள வைப்பது. அதற்குக் கரண்ட் வேண்டும். உருண்டை ஜாக் வைத்து, பேட்டரி இல்லாமல் வரும் 799 ரூபாய் ஹெட்செட்டால் அதைச் செய்யவே முடியாது. பெட்டியில் சின்ன எழுத்தில் பாருங்கள், பெரும்பாலும் மைக் பக்கத்தைச் சொல்லியிருப்பார்கள். அதாவது நீங்கள் போன் பேசும்போது எதிராளிக்கு இரைச்சல் குறையும் என்று. அதைக் காதுக்கு என்று சொல்லி விற்பது ஏமாற்று வேலை. கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கமும் இதைக் கேட்டிருக்கிறேன், தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கமும் கேட்டிருக்கிறேன். பல கடைகளில் குறிப்பிட்ட சரக்கைத் தள்ளினால் கடைப் பையனுக்குத் தனி கமிஷன். அவன் கை எந்தப் பெட்டிக்குப் போகிறதோ அதை வாங்காதீர்கள்.

விலை ஒட்டும் விதம் இன்னொரு பொறி. எம்.ஆர்.பி. 3,999 என்று அச்சடித்து, அதை அடித்து, ‘உங்களுக்காக 799’ என்பார்கள். எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஹெட்செட் போன்ற பொருளுக்கு எம்.ஆர்.பி.யை எவ்வளவு உயரத்தில் வைக்கலாம் என்று கேட்பதற்குச் சட்டம் இல்லை. இத்தனை வருடமாக இந்த ஓட்டையை யாரும் அடைக்கவில்லை, அதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. அடித்த விலையைப் பார்க்கவே பார்க்காதீர்கள். தங்க முலாம் பூசிய ஜாக் துருப் பிடிக்காது, அவ்வளவுதான், பாட்டு இனிமையாகாது. உள்ளே இரண்டு ஸ்பீக்கர், நாலு ஸ்பீக்கர் என்பதும் அப்படித்தான், ஒன்றை ஒழுங்காக வைத்தாலே போதும். ‘ஹை-ரெஸ்’ ஸ்டிக்கர் 40,000 ஹெர்ட்ஸ் வரை ஒலி வரும் என்று சொல்கிறது. மனிதக் காது கேட்பது 20,000 வரைதான், வயதாக ஆக அதுவும் குறையும்.

புதிதாக வாங்குவதற்கு முன்பு, இருக்கும் அந்த 799 ரூபாய் ஹெட்செட்டையே ஒரு முறை சோதித்துப் பாருங்கள். (காதுக்குள் போகாமல் வெளியே தொங்குகிற மொட்டு வடிவம் என்றால் சோதனையே வேண்டாம், அது எந்தக் காதையும் அடைக்காது.) பெட்டியில் இரண்டு ஜோடி ரப்பர் கூடுதலாக வந்திருக்கும், சிறியதும் பெரியதும். முக்கால்வாசிப் பேர் அதை அப்படியே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். வீட்டில் அமைதியான நேரத்தில், பேஸ் கிட்டார் நன்றாகக் கேட்கும் ஒரு எண்பதுகள் பாட்டைக் குறைந்த சவுண்டில் போடுங்கள். வலது காதுக்கு, இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் மடலை மேலும் பின்னுமாக இழுத்துக்கொண்டு, வலது கையால் உள்ளே வையுங்கள். துவாரம் நேராகும், ரப்பர் சரியாக உட்காரும். பிறகு விரலால் லேசாக உள்பக்கம் அழுத்துங்கள். அழுத்தியதும் பேஸ் கூடினால் அந்த ரப்பர் உங்களுக்குச் சின்னது அல்லது வடிவம் பொருந்தவில்லை. அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் ஒரே மாதிரி இருந்தால் அதுதான் உங்கள் அளவு. இரண்டு காதுக்கும் ஒரே அளவு இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. வலதுக்கு நடுத்தரம், இடதுக்குப் பெரியது என்று போடுகிறவர்கள் நிறைய. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எந்த அளவும் சரிவரவில்லை என்றால் ஃபோம் ரப்பர் தனியாகக் கிடைக்கிறது. மொத்த ஹெட்செட் விலையோடு பார்த்தால் சின்னச் செலவுதான். வாங்கும்போது ஹெட்செட்டில் ரப்பர் மாட்டும் மூக்குக் குழாய் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து, அதற்குப் பொருந்துவதாக வாங்குங்கள். கம்பெனி ஃபோம் மாதிரியே உருட்டி வைத்து அரை நிமிடம் பிடிக்க வேண்டும். பஸ் சத்தத்துக்குப் பெட்டியோடு வரும் சிலிக்கோன் ரப்பரைவிட ஃபோம் நன்றாக அடைக்கும். ட்ரெபிள் (பாட்டின் மெல்லிய மேல் ஒலி) ஒரு துளி மங்கும், வியர்வையும் அழுக்கும் ஏறிச் சில மாதத்தில் மாற்ற வேண்டிவரும். மூன்று மணி நேரப் பயணத்துக்கு நான் ஃபோமைத்தான் சொல்வேன். ஒன்றை மட்டும் எதிர்பார்த்து ஏமாறாதீர்கள்: பேச்சு, ஹாரன், ஜன்னல் கண்ணாடி தடதடப்பு எல்லாம் நன்றாகக் குறையும். மேலுமலை ஏற்றத்தில் வண்டி முனகுமே, அந்த அடித்தொண்டைச் சத்தம் குறையும், முழுசாகப் போகாது. எந்த ரப்பருக்கும் அடிச்சத்தத்தைத் தடுப்பதுதான் கஷ்டமான வேலை.

இதெல்லாம் செய்த பிறகும் பாட்டு தகர டப்பா மாதிரி இருந்தால், அப்போது 2,000 ரூபாயை எடுங்கள். மூன்று விஷயம் பார்த்தால் போதும். வயர் காதுக்கு மேலே சுற்றி வரும் மாடலாக இருக்கட்டும். நன்றாகப் பிடித்துக்கொள்ளும், வயர் துப்பட்டாவில் உரசும் சத்தமும் காதுக்கு அதிகம் வராது. வயர் கழற்றி மாட்டுவதாக இருக்கட்டும், ஏனென்றால் ஹெட்செட்டில் முதலில் சாவது ஜாக் பக்கத்து வயர்தான். ‘ஓம்’ (மின்தடை அளவு) என்று போட்டிருக்கும் எண் 16க்கும் 32க்கும் நடுவில் இருந்தால் போனுக்குப் போதும். மூன்ட்ராப் சூ 2, டாங்சூ வானர் இரண்டும் ஏறக்குறைய இந்த விலையில் கிடைக்கும், இரண்டிலும் வயரைக் கழற்றலாம். எனக்குத் தெரிந்தவர்களுக்கு இவற்றைத்தான் சொல்லி வருகிறேன். மைக் வேண்டுமென்றால் மைக் உள்ள வயர் மாடலாகக் கேட்டு வாங்குங்கள். பெங்களூரு எஸ்.பி. ரோடு வரை போய்த் தேடலாம் என்று யாராவது சொன்னால், அங்கே நல்லதும் கிடைக்கும், பெரிய கம்பெனிப் பெயர் ஒட்டிய போலியும் கிடைக்கும். பில் தராத இடத்தில் பிராண்டு பெயரை நம்பாதீர்கள்.

உங்கள் போனில் உருண்டை ஜாக் ஓட்டை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இங்கேதான் அதிகம் பேர் காசை விடுகிறார்கள். 2016இல் ஐபோன் 7 அந்த ஓட்டையை எடுத்தது, மற்றவர்களும் ஒவ்வொருவராக எடுத்தார்கள். ஓட்டையை எடுத்த கையோடு புளூடூத் இயர்பட்ஸை விற்கிறார்கள். வாங்குகிறவருக்கு என்ன வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. இப்போது டைப்-சி ஓட்டையிலிருந்து ஜாக்குக்கு மாற்ற ஒரு குட்டி வயர் வேண்டும், டாங்கிள் என்பார்கள். அதில் இரண்டு ரகம். ஒன்றின் உள்ளே சிப் இருக்கிறது, போன் தரும் கணக்குகளைச் சத்தமாக மாற்றுவது அந்தச் சிப். இன்னொன்று வெறும் வயர். வெறும் வயர் ரகம் சில போன்களில் மட்டும் வேலை செய்யும், மற்றவற்றில் மூச்சே விடாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும், விற்கிறவருக்கே பல நேரம் வித்தியாசம் தெரியாது. அந்தச் சிப்பின் பெயர் ‘டேக்’ (DAC), அது உள்ளது என்று பெட்டியில் எழுதியிருக்க வேண்டும். அதோடு நிற்காமல் கடையிலேயே உங்கள் போனில் செருகி, ஒரு பாட்டு போட்டு, சவுண்டு ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். ஆப்பிள் டாங்கிள் தரமானது, ஆனால் பல ஆண்ட்ராய்டு போன்களில் அதன் சத்தம் குறைவாகவே வரும். டாங்கிள் செருகியிருக்கும்போது அந்த ஓட்டையில் சார்ஜ் போட முடியாது, அதற்கென்று இரட்டை வாய் டாங்கிள் தனியாக உண்டு. பழைய ஐபோனின் சார்ஜ் ஓட்டையில் செருகும் மலிவு வயர் ஹெட்செட் சிலவற்றில் இன்னும் மோசம்: வயர் கரண்டுக்கு மட்டும்தான், பாட்டு புளூடூத்தில் வரும். செருகியதும் புளூடூத்தை ஆன் செய்யச் சொன்னால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பில் கேட்டு வாங்குங்கள். ஜி.எஸ்.டி. பில், தேதியோடு. வாரண்டி என்று பெட்டியில் ஒரு வருடம் போட்டிருப்பார்கள். நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் அதை நடத்திக்கொள்வது லேசில்லை. ஒரு பக்கம் கேட்காத என் சொந்த ஹெட்செட்டை அனுப்பி, ஆறு வாரம் காத்திருந்து, ‘வயர் வளைந்திருக்கிறது, வாரண்டி கிடையாது’ என்ற துண்டுச் சீட்டோடு திரும்பி வந்தது. வயர் என்றால் வளையாதா? பில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் 799 ரூபாய்க்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து நிற்க உங்களைப் போன்றவரால் முடியாது என்பது விற்கிறவருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கடையிலேயே சோதிக்கச் சொல்கிறேன்.

காது நன்றாக அடைந்த பிறகு பஸ்ஸிலிருந்து இறங்கும் முன்பே கழற்றிப் பைக்குள் வைத்துவிடுங்கள். நேஷனல் ஹைவேயைக் கடந்துதான் வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால், வருகிற லாரியின் ஹாரன் உங்களுக்குக் கேட்டே ஆக வேண்டும்.

அந்தப் பழைய பெட்டியில் ரப்பர் இருக்கிறதா என்று இன்றைக்குத் தேடுங்கள். அளவு சரியாக உட்கார்ந்ததும், வீட்டில் போதுமான சவுண்டு எத்தனை கோடு என்று பார்த்து வைத்துக்கொண்டு, மறுநாள் பஸ்ஸில் அதைவிட இரண்டு மூன்று கோடு கூட்டிக் கேளுங்கள். அதிலேயே பாட்டு தெளிவாகக் கேட்டால் 2,000 ரூபாய் உங்கள் கையிலேயே இருக்கட்டும். கேட்கவில்லை என்றால் போன் மாடலை எழுதி அனுப்புங்கள், டாங்கிள் வேண்டுமா வேண்டாமா என்று பார்த்துச் சொல்கிறேன்.