ஃபர்லோவில் இருக்கும்போது வேறு வேலைக்குப் போகலாமா?

தம்பி, கிரீன் கார்டில் அமெரிக்கா வந்து, ஏர்லைனில் ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது துணை விமானியாகச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஃபர்லோ (திரும்பக் கூப்பிடும்வரை சம்பளமில்லாமல் வெளியே நிறுத்துவது) நோட்டீஸ் கைக்கு வந்துவிட்டது, கூப்பிடும்வரை காத்திருப்பதா, வேறு வேலை பார்ப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை பாருங்கள். 2008 சரிவுக்குப் பிறகு நானும் இப்படி வெளியே நின்று, வேறு வேலை செய்து, திரும்ப அழைக்கப்பட்டுப் பறந்துகொண்டிருப்பவன்தான்.

இது உங்கள் திறமைக்குப் போட்ட மதிப்பெண் இல்லை. கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியே போவார், ரீகால், அதாவது திரும்ப அழைப்பு, வரும்போது சீனியர் முதலில் உள்ளே வருவார், அவ்வளவுதான் கணக்கு. 2020 அக்டோபரில் பெரிய ஏர்லைன்கள் ஆயிரக்கணக்கான ஊழியர்களை அனுப்பின, அரசு உதவி மறுபடி கிடைத்ததும் டிசம்பரிலேயே திரும்பக் கூப்பிட்டன. ஆனால் 2001 செப்டம்பருக்குப் பின் வெளியே போனவர்களில் பலர் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். நீங்கள் நீண்ட காத்திருப்புக்கே திட்டம் போடுங்கள்.

வேலையின்மை உதவித்தொகைக்கு இந்த வாரமே உங்கள் மாநிலத்தில் விண்ணப்பியுங்கள். அதை வாங்கினால் கிரீன் கார்டுக்குச் சிக்கல் என்று நம்மவர்கள் சிலர் பயமுறுத்துவார்கள், கேட்காதீர்கள், அது நீங்கள் செய்த வேலையின் பேரில் வரும் காப்பீடு. கம்பெனி மருத்துவக் காப்பீட்டை, வேலை போன பிறகும் தொடர வழிசெய்யும் கோப்ரா (COBRA) சட்டத்தில் பொதுவாக 18 மாதம் வரை நீட்டிக்கலாம், ஆனால் கம்பெனி கட்டிவந்த பங்கையும் நீங்களே கட்ட வேண்டும், கையெழுத்துப் போடுவதற்கு முன் அரசின் காப்பீட்டுச் சந்தையான மார்க்கெட்பிளேஸ் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சிமுலேட்டர் பயிற்சியாளர், ஃபிளைட் இன்ஸ்ட்ரக்டர், சார்ட்டர் (வாடகை விமானம் ஓட்டுவது), டிஸ்பேட்ச் (தரையிலிருந்து விமானப் பயணங்களைத் திட்டமிடுவது) எல்லாம் நம் அனுபவம் செல்லுபடியாகும் இடங்கள். டவரில் விமானப் போக்குவரத்துக் கன்ட்ரோலர் ஆகலாமே என்று சொல்வார்கள், அதற்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், 31 வயதுக்குள் இருக்கவும் வேண்டும், எனவே உங்களுக்கு இப்போது ஆகாது. விமானத்துக்குச் சம்பந்தமே இல்லாத வேலையானாலும் தயங்காதீர்கள், வாடகை நேரத்துக்குப் போனால்தான் ராத்திரி தூக்கம் வரும். ஒன்றில் மட்டும் உஷாராக இருங்கள்: சில கம்பெனிகள், முக்கியமாக வேறு ஏர்லைன்கள், பழைய ஏர்லைனில் உள்ள சீனியாரிட்டி எண்ணை (பணிமூப்பு வரிசையில் உங்கள் இடம்) ராஜினாமா செய்துவிட்டு வா என்று கேட்கும். உங்கள் யூனியன் ஆளிடம் பேசாமல் அதை எழுதிக் கொடுக்காதீர்கள். சில ஒப்பந்தங்களில் ரீகாலைத் தள்ளிப்போடும் உரிமைகூட உண்டு, அதையும் கேட்டுவிடுங்கள்.

விமானிக்கான முதல் வகுப்பு மருத்துவச் சான்றைக் காலாவதியாக விடாதீர்கள், 40 வயதுக்குள் என்றால் 12 மாதம், தாண்டிவிட்டால் 6 மாதம்தான். அப்புறம், ஊரில் அம்மா அப்பாவிடம் இதை மறைக்க வேண்டாம். வேலைக்குப் போவதுபோல் தினமும் போனில் நடிப்பது, வேலை இல்லாததைவிடக் கொடுமை, இங்கே அப்படி உடைந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். வீடு மாறினால் புது முகவரியைக் கம்பெனிக்கும் யூனியனுக்கும் அன்றைக்கே எழுதிவிடுங்கள், ரீகால் கடிதத்துக்கு ஒப்பந்தம் சொல்லும் நாளுக்குள் பதில் போகவில்லையென்றால் அந்த சீனியாரிட்டி எண் போய்விடும்.