குமுளி, தேக்கடியில் படகுச் சவாரி தவிர வேறென்ன இருக்கிறது?

குடும்பத்தோடு இரண்டு நாள் வருவதாகவும், படகில் போய்விட்டு அறைக்குள் முடங்கிக் கிடக்க விருப்பமில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் கம்பத்துக்காரன். விருந்தாடி வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்கிற கேள்விதான் இது.

முதலில் படகு. காலை 7.30 மணி படகு கிடைத்தால் போங்கள், மத்தியானப் படகு என்றால் விட்டுவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் மிருகங்கள் காட்டுக்குள் ஒதுங்கிவிடும். புலி பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள். மிளா மான், காட்டுப்பன்றி, காட்டெருமை, அதிர்ஷ்டம் இருந்தால் யானை. உயிர்காப்புச் சட்டையைக் கழற்றாதீர்கள். எதைப் பார்த்தாலும் எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து ஓடாதீர்கள். 2009 செப்டம்பரில் இந்த ஏரியில் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்து 45 பேர் போனார்கள்.

என்னைக் கேட்டால் உங்கள் காசுக்கும் நேரத்துக்கும் ஏற்றது மூங்கில் தெப்பம்தான். வனத்துறை நடத்துவது. காலையில் கிளம்பினால் சாயங்காலம்தான் திரும்புவீர்கள். கொஞ்ச தூரம் காட்டு நடை, பிறகு தெப்பம், மறுபடி நடை. இன்ஜின் சத்தம் கிடையாது. ஏரிக்குள் ஆங்காங்கே கறுத்த மரக்கட்டைகள் நிற்குமே, அதை ஒட்டியே தெப்பம் போகும். 1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடித்துத் தண்ணீர் தேங்கியபோது மூழ்கிய காட்டு மரங்கள் அவை, இன்னும் மக்கவில்லை. அதன் உச்சியில் பாம்புத்தாரா இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். பெரிய படகு வந்தால் பறந்துவிடும், தெப்பத்தைக் கண்டால் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்க்கும்.

கூட வருகிற வழிகாட்டிகளிடம் பேச்சுக் கொடுங்கள், தமிழ் தாராளமாகப் பேசுவார்கள். இங்கே காட்டு நடைகளுக்கு வழிகாட்டுகிறவர்களில் ஒரு காலத்தில் வயணப் பட்டை, அதாவது காட்டு லவங்கப்பட்டை, உரித்துக் கடத்தியவர்களும் உண்டு. வழக்குகளில் அலைந்தவர்களை வனத்துறையே அழைத்து, சூழல் மேம்பாட்டுக் குழு அமைத்து, காட்டைக் காக்கிற வேலையைக் கொடுத்தது. யானை போய் எவ்வளவு நேரமாகிறது என்று அதன் சாணத்தைத் தொட்டுப் பார்த்துச் சொல்கிற ஆட்கள்.

ஒரு நாள் முழுக்க ஒதுக்க முடியாவிட்டால், மூன்று மணி நேரக் காட்டு நடை போதும். எதற்கும் முன்பதிவு வேண்டும். பிள்ளைகள் இருந்தால் வயதைப் பதியும்போதே சொல்லிவிடுங்கள். மழைக்காலத்தில் அட்டை ஏறும், முழங்கால்வரை துணி உறை தருவார்கள். பயப்பட ஒன்றுமில்லை, என் மாமியாரே நடந்துவிட்டு வந்தார்.

இரண்டாவது நாளைக் கேரளப் பக்கமே கழிக்காதீர்கள். குமுளி சோதனைச் சாவடியைத் தாண்டி மலை இறங்கினால் லோயர் கேம்ப். முதல் நாள் நீங்கள் தெப்பத்தில் மிதந்த அதே தண்ணீர்தான் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து, ராட்சதக் குழாய்களில் இறங்கி, மின் நிலையத்தின் சக்கரங்களைச் சுற்றவைத்துவிட்டு எங்கள் வயலுக்குப் போகிறது. மலைப்பாதையிலிருந்தே அந்தக் குழாய்கள் தெரியும். கீழே, அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுக்கின் மணிமண்டபம் இருக்கிறது. அப்படியே சுருளி அருவி. வழியில் பன்னீர் திராட்சைத் தோட்டங்களில் பந்தலுக்குக் கீழே நடந்து பார்க்கலாம், எங்கள் பக்கம் ஆண்டு முழுக்கக் காய்க்கும். மலையுச்சியில் இருக்கிற கண்ணகி கோயிலைப் பற்றிப் பலர் விசாரிப்பார்கள். சித்ரா பௌர்ணமி அன்று மட்டும்தான் மேலே விடுவார்கள். குமுளியிலிருந்து ஜீப், நம் பக்கம் பளியங்குடியிலிருந்து நடை. மற்ற நாளில் முயற்சி செய்யாதீர்கள்.

களரி, கதகளி காட்சிகள் குமுளியில் தினமும் சாயங்காலம் உண்டு. ஒன்றுதான் பார்ப்போம் என்றால் களரி. யானைச் சவாரி வேண்டாம் என்பேன், காட்டில் பார்த்த பிறகு அதில் என்ன இருக்கிறது?

ஏலக்காய் வாங்காமல் யாரும் திரும்புவதில்லை. பச்சையாக மின்னுவதைப் பார்த்து மயங்காதீர்கள். ஈரத்துணியில் தேய்த்தால் சாயம் ஒட்டுகிறதா பாருங்கள். ஒரு காயை உடைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், அரிசி கறுப்பாகப் பிசுபிசுவென்று இருக்க வேண்டும். உடைக்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

எப்போது வரலாம்? மிருகம் பார்க்க மாசி முதல் சித்திரை வரை. உள்காட்டு ஓடைகள் வற்றி, ஏரித் தண்ணீரும் இறங்கி, கரையில் புல் முளைத்திருக்கும். யானைக் கூட்டம் அங்கேதான் இறங்கும். பச்சை வேண்டுமென்றால் ஆவணி, புரட்டாசி. கார்த்திகை, மார்கழியில் மட்டும் வேண்டாம். சபரிமலை வண்டிகளுக்காகக் குமுளி மலைப்பாதையை ஒருவழியாக்கி, மேலே போகிறவர்களைக் கம்பம்மெட்டு வழியாகச் சுற்றிவிடுவார்கள், அறை வாடகையும் எகிறிவிடும்.